அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கூடாதா?



கடந்த மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பொகவந்தலாவை நகரத்துக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றில் ஜெபக்கூட்டம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, பீலிக்கரையில் கைகால் கழுவிக்கொண்டு, பெண்கள் ஒவ்வொருவராக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். இருபது பேர் இருந்திருப்பார்கள். அதில் ஆண்கள் மூன்றே பேர். அந்த மூவரில் ஒருவர் ஜெபித்தார், ஒருவர் வேதம் வாசித்தார், ஒருவர் செய்தி கொடுத்தார். பெண்கள் பாடினார்கள், ஆமென் சொன்னார்கள், கடைசியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர், "யாருக்காவது ஜெபக் குறிப்பு இருக்கா?" என்று கேட்டார். வழக்கமாக வரும் குறிப்புகள் வந்தன. பிள்ளையின் பரீட்சை, மாமியாரின் கால்வலி, கொழும்பில் வேலை தேடும் மகன். மூலையில் இருந்த ஒரு அக்கா மெதுவாகத் தன் மகனின் பெயரைச் சொன்னார். 2009இல் வன்னியில் காணாமல் போன மகன். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்த கையோடு கூட்டத்தை நடத்தியவர் குறுக்கிட்டார். "அதெல்லாம் இங்க வேணாம்மா. பொதுவா எல்லாருக்காகவும் ஜெபிப்போம்" என்றார். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும் வழியில் அவர் என்னிடம் கேட்டார்: "மிஸ், ஆண்டவர்கிட்டயும் அவன் பேர சொல்லக் கூடாதுன்னா நான் எங்க போயி சொல்றது?"

இம்மாதம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

இந்த அக்காவின் கதை மலையகத்தில் பலருடைய கதை. 1977இலும் 1981இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் வீடு வாசல் இழந்த எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. 1983இல் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு போனபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அங்கேயே வளர்ந்து, அங்கேயே திருமணம் முடித்து, கடைசிப் போரில் கணவனையும் மகனையும் இழந்து, தங்கையின் லயத்துக்குத் திரும்பி வந்தவர். ஊரைவிட்டுப் போனபோதும் பயந்துகொண்டுதான் போனார், திரும்பி வந்தபோதும் பயந்துகொண்டுதான் வந்தார். காணாமல் போனோருக்கான அலுவலகம் 2018இல் வேலை தொடங்கிய பின்னர் அங்கும் போய் மகனின் விபரத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றார். அரசாங்கக் கோவையில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கின்றது. ஜெபக்கூட்டத்தில்தான் அதற்கு இடமில்லை.

கூட்டத்தை நடத்தியவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் பயம். "யாராவது போய் ஏதாவது சொல்லிவிட்டால்?" என்ற பயம். போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் நமது நெஞ்சில் அந்தப் பயம் குடியிருக்கின்றது. ஆனால் அவர் பேச்சை நிறுத்தியதற்குப் பயம் மட்டும் காரணமல்ல. பெண்கள் கேட்க வந்தவர்கள், பேச வந்தவர்கள் அல்லர் என்ற பழைய வழக்கமும் ஒரு காரணம்.

பேசியவர் யார், கேட்டவர் யார்?

மலையகத்தில் சீர்திருத்த சபையின் ஊழியம் 1854இல் தொடங்கியது. அப்போது அதற்கு வைத்த பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த நம் முன்னோருக்குப் போதிக்கத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். மலைமலையாக நடந்து போதித்த அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வேலைத்தலத்தில் இருந்த ஒழுங்குதான் வழிபாட்டிலும் இருந்தது. துரை சொல்வார், கங்காணி சொல்வார், பெண் கேட்பாள். கோவிலில் உபதேசியார் சொல்வார், பெண் கேட்பாள்.

கத்தோலிக்க சபையில் மக்களுக்கு விளங்காத இலத்தீன் மொழியிலேயே நீண்டகாலம் திருப்பலி நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாடு பற்றிய ஏடுதான் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. விசுவாசிகள் மன்றாட்டு என்று இன்று நாம் திருப்பலியில் சொல்வதும் அந்தச் சங்கத்தின் மூலமே திரும்ப வந்தது. மக்கள் தங்கள் தேவைகளைத் தங்கள் வாயால் சொல்வதற்கான இடம் அது. ஆனால் பல இடங்களில் அச்சிட்ட தாளைப் பார்த்து ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்வதோடு அது முடிந்துவிடுகின்றது. கதவு திறந்துதான் இருக்கின்றது, நாம் இன்னும் உள்ளே போகவில்லை.

பொகவந்தலாவையில் பழைய அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்று உண்டு, புனித மரியாள் தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர் அவர். அவருடைய கல்லறையைத் தேடி வெளிநாட்டார் இன்றும் வருகின்றார்கள். 1875இல் இலங்கைக்கு வந்த அவர், இங்குள்ள ஏழைப் பெண்களையும் படம் பிடித்தார். அந்தப் படங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் இருக்கின்றன. அதிலுள்ள பெண்களின் முகத்தைப் பார்க்கலாம், பெயரை அறிய முடியாது. 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்பதுபோலப் பொதுவாகத்தான் ஒரு படத்துக்குத் தலைப்புப் போட்டிருக்கின்றார்கள். படம் எடுத்தவரின் பெயர் கல்லில் இருக்கின்றது, படத்தில் நின்றவர்களின் பெயர் எங்கும் இல்லை. "பொதுவாக ஜெபிப்போம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. பொதுவாகச் சொல்லிச் சொல்லியே நமது பெயர்கள் அழிந்துபோயின.

வேதாகமம் நம்மை வாயடைக்கச் சொல்கின்றதா?

"சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருக்கின்றாரே" என்று பலர் சொல்வார்கள். எழுதியிருப்பது உண்மைதான், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 14ஆம் அதிகாரம். ஆனால் அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் சபையில் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்வது பற்றி அவரே எழுதுகின்றார். பெண்கள் சபையில் வாய்விட்டு ஜெபித்தார்கள் என்பது அதிலிருந்தே தெரிகின்றது அல்லவா? ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்காட்டுபவரிடம் மற்ற வசனத்தையும் தாழ்மையாக நினைவுபடுத்தலாம்.

சாமுவேலின் தாய் அன்னாளை நினைத்துப் பாருங்கள். மனக்கசப்போடு ஆலயத்துக்குப் போய், சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்தாள். ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கின்றாள் என்று நினைத்துக் கண்டித்தான். அவள் பேசாமல் எழுந்து போகவில்லை. நான் குடிக்கவில்லை, என் துக்கத்தைத்தான் கடவுளிடம் கொட்டினேன் என்று அவனுக்கு நேரே விளக்கினாள். அவனும் தன் தவறை உணர்ந்து அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். பெண்ணின் துக்கத்தைச் சபைத் தலைவர் பிழையாக விளங்கிக்கொள்வது அன்றே நடந்திருக்கின்றது. அவள் விளக்கிச் சொன்னபோது அவர் கேட்டார் என்பதும் அதே கதையில்தான் இருக்கின்றது.

சங்கீதங்களில் எத்தனையோ புலம்பல்கள் உண்டு. 88ஆம் சங்கீதம் நன்றி கூறாமல், ஆறுதல் சொல்லாமல், இருளோடு முடிகின்றது. அப்படி ஒரு ஜெபம் வேதாகமத்தில் இடம்பெற்றிருக்கும்போது, நமது ஜெபக்கூட்டத்தில் மட்டும் ஏன் இடம்பெறக் கூடாது?

இதை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கின்றேன். சாட்சி சொல்லும் கூட்டங்களில் பெண்கள் தாராளமாகப் பேசுகின்றார்கள். அது நல்ல விடயம். ஆனால் அங்கு சொல்லப்படும் சாட்சி வெற்றியில் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கின்றார்கள். நோய் குணமானது, கடன் தீர்ந்தது, குடித்த கணவன் திருந்தினான் என்று முடிந்தால் கைதட்டுகின்றார்கள். மகன் இன்னும் வரவில்லை என்பவளுக்குச் சொல்ல என்ன சாட்சி இருக்கின்றது? "உனக்கு விசுவாசம் காணாது" என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுடைய பாரம் இரட்டிப்பாகின்றது. வெற்றியை மட்டும் பேச விடுவதைப் பேச்சுச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது.

கல்லில் எழுதிய பெயர்கள்

நமது நாட்டில் ஒரு பெயரைச் சொல்லி ஜெபிப்பது நீதிமன்றம்வரை போன விடயம். 2017 மே மாதம் முள்ளிவாய்க்கால் கிழக்கில், புனித சின்னப்பர் தேவாலயத்தின் அருகே, போரில் இறந்தவர்களின் பெயர்களைக் கற்களில் பொறித்து நினைவேந்தல் நடத்த ஏற்பாடு செய்தார்கள். அதில் முன்னின்றவர் இயேசுசபைக் குருவான எழில் இராஜேந்திரம் அடிகளார். பொலிஸார் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்குச் சென்று தற்காலிகத் தடையுத்தரவு பெற்றனர். ஆயுதமோ ஊர்வலமோ அல்ல, கல்லில் எழுதிய பெயர்கள்தான் அங்கு பிரச்சினையாயின.

சட்டம் நமக்கு எதிராக எழுதப்படவில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கின்றது. 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைக் கூறுவதோடு, தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ வழிபாட்டின் மூலம் தன் மதத்தை வெளிப்படுத்தும் உரிமையையும் பிரஜைகளுக்குத் தருகின்றது. இறந்த கணவனுக்காகவும் காணாமல் போன பிள்ளைக்காகவும் பெயர் சொல்லி ஜெபிப்பது வழிபாடுதான். அது எவருக்கும் எதிரான காரியமல்ல.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

பண்டித ராமாபாய் (1858 - 1922) மராட்டியப் பெண். சிறுவயதில் விதவையானவர்களையும் பஞ்சத்தில் அநாதைகளானவர்களையும் பூனே நகருக்கு அண்மையில் கேட்காவ் என்ற இடத்தில் முக்தி என்ற இல்லத்தில் சேர்த்துக் காப்பாற்றினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கிருந்தார்கள். 1905இல் அங்கு நடந்த ஜெபக்கூட்டங்களில் அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமிட்டு அழுது ஜெபித்தார்கள். இது ஒழுங்கல்ல என்று வெளியார் குறை கூறினார்கள். ராமாபாய் அவர்களை அடக்கவில்லை. அந்தப் பெண்கள் பஞ்சத்தையும் பசியையும் அவமானத்தையும் தாண்டி வந்தவர்கள். அவர்கள் எப்படி மெதுவாக அழுவார்கள்?

தமிழ்நாட்டில், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர் தியோபிலஸ் அப்பாவு. 2005இல் காலமானார். கிராமத்துப் பாட்டு மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். கடவுளைத் தந்தையே என்று மட்டும் அழைக்காமல், தாயும் தந்தையும் அடங்கும்படி 'பெத்தவரே' என்று கிராமத்துப் பேச்சில் அழைத்தார். ஒரு தாய் கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிடும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த வலி கடவுளுக்கும் தெரியும் என்ற எண்ணம் அவளுக்குத் தானாக வருகின்றது. நமது தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்படித்தார்கள். வேலைக்கு நம்மைக் கூப்பிட்ட தப்பு ஆண்டவருக்கு முன் நமக்காகப் பேசக் கூடாதா?

சபைகளும் மெல்ல மாறித்தான் வருகின்றன. தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பா லலிதா முதலாவது பெண் பேராயராக ஆந்திராவிலுள்ள நந்தியால் பேராயத்தில் பொறுப்பேற்றார். கத்தோலிக்க சபையில் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் பெண்களுக்கும் முறைப்படி வழங்கலாம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2021 ஜனவரியில் அறிவித்தார். இவை மேலிடத்தில் நடந்த மாற்றங்கள். லயத்துக் காம்பராவில் மாற்றம் வருவது நமது கையில் இருக்கின்றது.

நாம் என்ன செய்யலாம்?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, எமில் டுர்கைம் 1912இல் எழுதிய மதம் பற்றிய நூலில் ஒரு கருத்தைப் படித்தேன். துக்கம் காப்பது தனி ஒருவரின் உணர்ச்சி மட்டுமல்ல, சமூகம் சேர்ந்து செய்யும் கடமை என்பது அதன் சாரம். இது நம் பாட்டிமாருக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. இழவு வீட்டில் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். செத்தவரின் பெயரையும் குணத்தையும் சொல்லி அழுதார்கள். ஆனால் காணாமல் போனவருக்கு இழவு வீடு கிடையாது, ஒப்பாரியும் கிடையாது. அதனால்தான் ஜெபக்கூட்டத்தில் அதற்கு இடம் தேவைப்படுகின்றது.

எங்கள் பெண்கள் குழுவில் நாங்கள் செய்துபார்த்த சிலவற்றைச் சொல்கின்றேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ இரண்டு மூன்று பேராகப் போய்ப் பேசுங்கள். சண்டைக்குப் போவதுபோல் போக வேண்டாம். "மாதத்தில் ஒரு கூட்டம் பெண்கள் நடத்துகின்றோம், நீங்களும் ஆசீர்வதியுங்கள்" என்று கேளுங்கள். அனுமதியோடு தொடங்கினால் பயந்த சகோதரிகளும் வருவார்கள்.

வரிசையாக உட்காராமல் வட்டமாக உட்காருங்கள். முன்னால் ஒருவர், பின்னால் மற்றவர்கள் என்று இருந்தால் பின்னால் இருப்பவர் வாய் திறப்பதில்லை.

ஒவ்வொருவருக்கும் முறை கொடுங்கள், ஆனால் எவரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். மெழுகுதிரி ஒன்றைக் கைமாற்றிக் கொடுக்கலாம். பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவர் பேசாமல் அடுத்தவரிடம் கொடுக்கட்டும். மௌனமாக இருப்பதும் ஜெபம்தான்.

ஒருவர் ஜெபிக்கும்போது திருத்த வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம். "எல்லாம் நன்மைக்கே" என்று அவசரப்பட்டு ஆறுதல் கூறவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருங்கள், அது போதும். வேதாகமத் தமிழ் வராதவர் வீட்டில் பேசும் தமிழில் ஜெபிக்கட்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர் பாடட்டும்.

கூட்டத்தில் கேட்டது பீலிக்கரைக்குப் போகக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு தடவை கதை வெளியே போனால், அதன்பின் எவரும் மனம் திறக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஜெபம் பாரத்தை இறக்கி வைக்க உதவும், ஆனால் எல்லாவற்றுக்கும் அது மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட மனமில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகின்றது என்று ஒரு சகோதரி சொன்னால், அவரைத் தனியே விடாமல், கூடவே கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

நான் சொன்ன அந்த அக்காவின் விடயத்துக்கு வருகின்றேன். நாங்கள் நான்கு பேர் கூட்டம் நடத்துபவரைப் போய்க் கண்டோம். முதலில் தயங்கினார். அவருடைய மனைவிதான், "நம்ம புள்ளையா இருந்தா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டார். பிறகு சம்மதித்தார்.

அடுத்த மாதம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தோம். மெழுகுதிரி அக்காவின் கைக்கு வந்தது. வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மகனின் பெயரைச் சொன்னார். அவன் பிறந்த நாளைச் சொன்னார். அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் என்று சொன்னார். "அவன் இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியல ஆண்டவரே, ஒங்களுக்குத் தெரியும்" என்று முடித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்திருந்த வயதான அம்மா திரியை வாங்கிக்கொண்டு, முப்பது வருடத்துக்கு முன் பிள்ளைக் காம்பராவில் காய்ச்சலில் இறந்துபோன தன் பெண்பிள்ளையின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அந்த லயத்தில் எவரும் அதுவரை கேட்டதில்லை.

அக்காவின் மகன் வரவில்லை. அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டேயிருப்பது நமது கடமை. ஆனால் இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பவர் அக்கா மட்டுமல்ல, இருபது பேர் சொல்கின்றார்கள்.

இதை வாசிக்கும் இந்து, முஸ்லிம் சகோதரிகளே, உங்கள் கோவிலிலும் வீட்டுத் தொழுகையிலும் இதேபோல் சொல்ல முடியாத பெயர்கள் இருக்கலாம். கிறிஸ்தவ சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் "ஜெபக் குறிப்பு இருக்கா?" என்று கேட்கும்போது, மூலையில் இருப்பவரைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அவர் வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.